தலைமையாசிரியர் மேசை: லாக் புக் முதல் எமிஸ் வரை

அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்? ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் இதற்குப் பதில் சுலபம். ஆண்டுக்கு ஒரு நாள் இன்ஸ்பெக்டருக்கு; மற்ற நாளெல்லாம் ஊருக்கு. இன்று அதே நாற்காலியில் இருப்பவர் காலை மணி அடித்ததிலிருந்து சாயங்காலம் வரை செல்பேசிக்குக் கணக்குச் சொல்கிறார். இடைப்பட்ட காலத்தில் பள்ளிக்கு வரும் பணம் கூடியது, மேற்பார்வையும் கூடியது. அவருடைய சொந்த முடிவுக்கு இருந்த இடம் மட்டும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

ஆண்டாய்வும் அன்றாட ஆய்வும்

ஆண்டாய்வுக்குத் தேதி குறித்துத் தபால் வந்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்குத் திருவிழாக் களை வந்துவிடும். சுவருக்கு வெள்ளை, வாசலுக்குத் தோரணம், பிள்ளைகளுக்குத் துவைத்த சட்டை. தலைமையாசிரியர் மேசையில் சேர்க்கை நீக்கப் பதிவேடு, வருகைப் பதிவேடு, தளவாடப் பதிவேடு, ரொக்கப் புத்தகம் எல்லாம் அட்டை போட்டு அடுக்கியிருக்கும். டெபுடி இன்ஸ்பெக்டர் வகுப்புக்குள் போவார். கடைசி வரிசைப் பையனை எழுப்பி வாசிக்கச் சொல்வார். இன்னொருவனைக் கரும்பலகையில் வகுத்தல் கணக்குப் போடச் சொல்வார். போகும்போது லாக் புக்கில் அவர் எழுதிவைக்கும் நாலு வரிதான் அந்த ஆண்டுக்கான தீர்ப்பு.

பிள்ளை வாசிப்பதை அதிகாரி தன் காதால் கேட்டார் என்பது அந்த முறையின் பலம். அந்த ஒரு நாளோடு முடிந்தது என்பது அதன் பலவீனம். ஆடு மேய்க்கப் போன பையன் பதிவேட்டில் மாதக்கணக்கில் ஆஜராகியிருப்பான். பள்ளி வாசலையே மிதிக்காத காலனித் தெருப் பெண்பிள்ளையைப் பற்றிக் கேட்க எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியாக இருந்தால் ஒன்றியப் பெருந்தலைவரின் மனசு கோணாமல் நடக்க வேண்டும், கோணினால் மாறுதல். 1981இல் அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர்களான பிறகுதான் அந்தப் பயம் தணிந்தது. பழைய நாளைப் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் இதையெல்லாம் சேர்த்தே பேச வேண்டும்.

இன்று பதிவேட்டின் இடத்தில் எமிஸ் என்னும் இணையவழித் தகவல் தொகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண். மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போன பிள்ளை வேறெங்கும் சேரவில்லை என்றால் அந்தப் பெயர் ‘காமன் பூலில்’ நிற்கும். குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விட்டதா, பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்று விசாரிக்க அது ஒரு துப்பு. அந்தக் கால லாக் புக்கால் முடியாத காரியம் இது.

தலைமையாசிரியர்களின் குறை வேறு. அதே விவரத்தை எமிஸில் ஒருமுறை, ஒன்றிய அரசின் யுடைஸ் தளத்தில் ஒருமுறை, வாட்ஸ்அப் குழுவில் கேட்கப்படும் எக்செல் தாளில் மூன்றாம் முறை தர வேண்டியிருக்கிறது. காலணி அளவு, வங்கிக் கணக்கு, கழிப்பறை எண்ணிக்கை, கூட்டத் தீர்மானம் என்று பட்டியல் நீளும். மேல்நிலைப் பள்ளியில் இதைப் பார்க்க எழுத்தர் பணியிடம் உண்டு. தொடக்கப் பள்ளியில் கிடையாது. கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். அதில் ஒருவர்தான் தலைமையாசிரியர். வகுப்பும் அவருக்கு, அலுவலகமும் அவருக்கு. அவர் செயலியில் பதிவேற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் மற்ற ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் உட்காரவைத்திருப்பார். ஆசிரியர் அமைப்புகள் போராடியபின் பதிவேற்ற வேலைகள் சில குறைக்கப்பட்டன. ‘உடனே அனுப்பவும்’ என்ற குறுஞ்செய்தி குறையவில்லை.

ஊர்ப் பணமும் அரசுப் பணமும்

காமராசர் ஆட்சியில், 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் முதலில் ஊர்ப் பங்களிப்பை நம்பித்தான் நடந்தது. 1958 முதல் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் பெஞ்சும் கடிகாரமும் நிலமும் தந்தார்கள். நல்ல தலைமையாசிரியர் என்றால் பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி ஒரு கட்டடத்துக்கு ஓடு வாங்கிவிடக் கூடியவர் என்று பொருள். வசதியான ஊர்ப் பள்ளி தழைத்தது; ஏழை ஊர்ப் பள்ளி கீற்றுக் கொட்டகையில் கிடந்தது. திண்ணையில் ஏற முடியாத சாதியைச் சேர்ந்த தலைமையாசிரியர் யாரிடம் போய்க் கேட்பார் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது சோறு முழுதாக அரசின் பொறுப்பானது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. புத்தகம், சீருடை, காலணி, மிதிவண்டி எல்லாம் அரசுச் செலவு. பிள்ளைக்குச் சேர வேண்டியது தலைமையாசிரியரின் சாமர்த்தியத்தை நம்பி இல்லை என்பது பெரிய முன்னேற்றம்.

ஆனால் பள்ளியை நடத்தும் கைச்செலவு? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். 31 முதல் 100 பேர் வரை 25,000. ஒரே ஒரு பிள்ளை கூடினால் 15,000 ரூபாய் வித்தியாசம். ஒழுகும் கூரைக்கும் பழுதான மோட்டாருக்கும் 30க்கும் 31க்கும் பேதம் தெரியாது. அந்தத் தொகையிலும் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். இப்போது இது ரொக்கமாகவோ காசோலையாகவோ கைக்கு வருவதில்லை. இணையவழிக் கணக்கில் செலவு வரம்பாக வருகிறது. நிதியாண்டு முடியும் தறுவாயில் வந்து, மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் மறைந்துபோகும் பணத்தில் ஜூன் மாதத்துக் குழாயைச் சரிசெய்ய முடியாது. அதனால் முதலில் சொந்தப் பணம், பிறகு பில் என்பதே பல பள்ளிகளில் எழுதப்படாத விதி.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்ததால் தமிழ்நாட்டுக்கு 2024-25க்கான 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றது; மாநில அரசு 2025இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கைச் சண்டையில் எந்தப் பக்கம் நியாயம் என்று பேச மேடைகள் உண்டு. தலைமையாசிரியரோ கடைமடைக்காரர். அணையில் யார் மதகை அடைத்தாலும் அவர் வயல்தான் முதலில் காயும். தண்ணீர் கேட்டுப் பேச அவருக்கு இடமில்லை.

தேர்ச்சி என்னும் ஒற்றை எண்

பணத்தையும் தேர்வு முடிவையும் முடிச்சுப்போடுவது புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாண உதவிபெறும் பள்ளிகளுக்கு, இன்ஸ்பெக்டர் நடத்தும் தேர்வில் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்கள் என்று பார்த்து மானியம் கொடுத்த காலம் இருந்தது. மனப்பாடத்தைத்தான் அது வளர்த்தது, பிறகு கைவிடப்பட்டது.

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர்களை அறிவிக்கும் வழக்கம் 2017இல் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்த விடுதலை பள்ளிகளுக்குக் கிடைக்கவில்லை. மாவட்டங்கள் இன்னும் தேர்ச்சி விகிதத்தால் வரிசைப்படுத்தப்படுகின்றன. முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டும் ஆய்வுக் கூட்டத்தில் விகிதம் சரிந்த பள்ளியின் தலைமையாசிரியர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். கணித ஆசிரியர் பணியிடம் பாதி ஆண்டு காலியாக இருந்தது என்பது அங்கே காரணமாக எடுபடாது. ஆகவே பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு, ‘மெல்லக் கற்போருக்கு’ முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்குப் போதுமான சின்னக் கையேடு. ஆறாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளை எந்த விகிதத்திலும் வராததால் காத்திருக்கிறது. ‘எண்ணும் எழுத்தும்’ போன்ற திட்டங்கள் அந்த அடிப்படையைப் பிடிக்க வந்தவைதான். அவற்றையும் செயலி மதிப்பீடாக மாற்றியதும் தலைமையாசிரியருக்கு மேலும் ஒரு எண் சேர்ந்தது.

கேட்பவர் மாறினால்

அன்று ஊர் கேட்டது. ஆனால் ஊர் என்றால் நாலு பெரிய வீடு. இன்றைய பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருந்தாக வேண்டும் என்கிறது சட்டம். நூறுநாள் வேலைக்குப் போகும் தாய் தலைவியாக உட்கார்ந்து “என் பிள்ளைக்கு ஏன் இன்னும் வாசிக்க வரலே, சார்?” என்று கேட்க முடியும். எந்த இன்ஸ்பெக்டரின் கேள்வியையும்விட இது கூர்மையானது. பல இடங்களில் அந்தக் கூட்டம் புகைப்படம் எடுத்துப் பதிவேற்றுவதோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் வருத்தம்.

கணக்குக் கேட்கக் கூடாது என்று எந்த நல்ல தலைமையாசிரியரும் சொல்வதில்லை. ஒரு விவரத்தை ஒருமுறை கேளுங்கள். மானியத்தைக் கல்வியாண்டு தொடங்கும்போதே தாருங்கள். இருபது முப்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் கூரை உண்டு என்று எண்ணித் தொகையை வகுத்திடுங்கள். தொடக்கப் பள்ளிகள் ஐந்தாறுக்குச் சேர்த்தாவது ஓர் எழுத்தரைப் போடுங்கள். ஆய்வுக்கு வருகிற அதிகாரி கணினித் திரையைப் பார்த்துக் கேள்வி கேட்பதோடு நிற்காமல் வகுப்புக்குள் போய் ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லட்டும். இவ்வளவையும் செய்துவிட்டு அதற்குப் பிறகும் பிள்ளை வாசிக்கவில்லை என்றால், தலைமையாசிரியரை நிற்கவைத்துக் கேட்க அரசுக்கும் ஊருக்கும் முழு உரிமை உண்டு.