காருக்குக் கீழே ஒரு கவலை

பெங்களூர் அடுக்குமாடிகளில் பெயர்ந்துவரும் பார்க்கிங் தரையைச் சரிசெய்வது அரைநாள் கொத்து வேலை என்று நினைப்பவர்கள் அதற்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறார்கள்.

பெங்களூரில் ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள் எதையெல்லாமோ பார்க்கிறார்கள். வாசல் கிழக்கு பார்த்திருக்கிறதா, சமையல் மேடை கிரானைட்டா, காவிரித் தண்ணீர் வருமா, குழாய்கள் எந்தக் கம்பெனி. தரைத்தளத்தில் தங்கள் கார் நிற்கப்போகும் இடத்தை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. கட்டுகிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். எல்லா வேலையும் முடிந்து, கையில் இருந்த பணமும் பொறுமையும் தீர்ந்த பிறகு கடைசியாகப் போடப்படுவது பார்க்கிங் தரைதான்.

நாலைந்து வருடங்களில் அது தன் குணத்தைக் காட்டிவிடுகிறது. முதலில் தூசி. எத்தனை முறை பெருக்கினாலும் சாம்பல் நிறப் பொடி வந்துகொண்டே இருக்கும். பிறகு தூணிலிருந்து தூணுக்கு ஓடும் விரிசல். அதன்பின் டயர் திரும்பும் இடங்களில் மேல்தோல் அப்பளம் போல உரிந்து, உள்ளே இருக்கும் ஜல்லி பல்லைக் காட்டும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பிரச்சினை எழும்போது, யாராவது ஒருவர் தனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒரே நாளில் பூசித் தருவார் என்று முன்வருவார். அங்கேதான் செலவு இரட்டிப்பாகத் தொடங்குகிறது.

பனி விழும் நாடுகளில் இந்தத் தொல்லைக்குக் காரணம் சொல்வது எளிது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளில் புகுந்த நீர் உறைந்து, இளகி, மறுபடி உறையும்போது மேல்பரப்பு செதில் செதிலாகக் கழன்றுவிடும். பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு வேறு, காரின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து சொட்டுகிறது. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கும் தமிழர்களுக்கு, மார்ச் மாதத்தில் கராஜ் தரையில் படியும் வெள்ளைக் கறை புதிதல்ல. இதற்கு மருந்து கிடைத்த கதை சுவையானது. 1930களில் நியூயார்க் மாநிலச் சாலைகளில் சில பகுதிகள் மட்டும் குளிரைத் தாக்குப்பிடித்து நின்றன. ஆராய்ந்தபோது, அவற்றுக்கான சிமெண்ட்டை அரைக்கையில் மாட்டுக் கொழுப்பு சேர்க்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. கொழுப்பு கலவையில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளை உண்டாக்கியிருந்தது. உறையும் நீர் பருக்க அந்தக் குமிழிகளில் இடம் கிடைத்தது. இன்று குளிர் நாடுகளில் வெளிப்புறக் கான்கிரீட் எல்லாமே இப்படிக் காற்று கலந்துதான் போடப்படுகிறது. இந்தியாவில் லடாக் போன்ற இடங்களுக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். அங்கே கான்கிரீட் வேலை கோடை மாதங்களுக்குள் அடங்கிவிடுவதும் அதனால்தான். இறுகுமுன் உறைந்துவிட்ட கான்கிரீட் பலத்தில் பெரும்பங்கை இழந்துவிடும்.

பெங்களூரோ, குளிரைப் பற்றி எவ்வளவு பெருமை பேசினாலும், உறைநிலைப் பக்கம் போனதே இல்லை. இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். ஆகவே பெங்களூர்த் தரை பெயர்வதற்கு வானத்தைக் குறை சொல்ல முடியாது. காரணங்கள் தரையிலேயே இருக்கின்றன.

அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணை அப்படியே திருப்பிக் கொட்டி, சரியாகக் குத்தி இறுக்காமல், அதன் மேல் மூன்றங்குலக் கான்கிரீட் போட்டால், மண் அமரும்போது தரையும் கூடவே அமரும். சம்ப்பிலிருந்து கசியும் நீர் அடிமண்ணை அரித்தால் கேட்கவே வேண்டாம். ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் வந்த பிறகு, கல் உடைக்கும் ஆலையின் வெறும் தூசியையே எம்-சாண்ட் என்று விற்கும் ஆட்களும் வந்துவிட்டார்கள். அந்தத் தூசி தண்ணீரை அதிகமாகக் குடிக்கும். கலவை இளக்கமாக இருந்தால் இழுக்க வசதி என்று சித்தாள் இன்னும் ஒரு வாளி ஊற்றுவார். அதிகப்படி நீர் மேலே மிதந்து வரும். அதை உறிஞ்சக் காய்ந்த சிமெண்ட்டைத் தூவி மணியாசு கட்டையால் தேய்ப்பார்கள். பார்க்கப் பளபளவென்றிருக்கும். ஆனால் தோல் வேறு, உடம்பு வேறாகப் பிரிந்துபோன தரை அது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெங்களூரின் வறண்ட காற்று மேல்பரப்பை மணிக்கணக்கில் உலர்த்திவிடுவது மிச்சமிருக்கும் வேலையையும் முடித்துவிடும்.

விரிசலுக்கு இன்னொரு காரணம் கோடு போடாதது. கான்கிரீட் காயும்போது சுருங்கும். சுருங்கும் எதுவும் எங்காவது பிளந்துதான் ஆக வேண்டும். பிளவு எங்கே வரவேண்டும் என்பதைப் பொறியாளர் முடிவு செய்யாவிட்டால் கான்கிரீட்டே முடிவு செய்துகொள்ளும். நான்கங்குலத் தரை என்றால் எட்டு முதல் பத்தடிக்கு ஒரு வெட்டு தேவை. இதைப் பார்க்க எங்கும் போக வேண்டியதில்லை. 2016க்குப் பிறகு பெங்களூரின் முக்கியச் சாலைகளில் தாரின் மேல் கான்கிரீட் போடும் 'ஒயிட் டாப்பிங்' வேலை பெரிய அளவில் நடந்தது. அந்தச் சாலைகளில் சுமார் ஒரு மீட்டர் சதுரக் கட்டங்களாக வெட்டப்பட்ட கோடுகள் அலங்காரத்துக்கு அல்ல. அடுக்குமாடிகளின் பார்க்கிங்கில் நாற்பதடி நீளத்துக்கு ஒரு கோடுகூட இல்லாமல் இழுத்துவிடுகிறார்கள்.

செப்பனிடும்போது நடக்கும் தவறுகள் இன்னும் விசித்திரமானவை. உரிந்த இடத்தைத் துடைத்துவிட்டு அரையங்குலத்துக்கு சிமெண்ட் கலவை பூசுவது முதல் தவறு. அவ்வளவு மெல்லிய பூச்சு ஓரங்களில் காகிதம் போலத் தேய்ந்து முடியும். அந்த ஓரத்திலிருந்துதான் மறுபடி கழலும். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றிச் சுத்தம் செய்வது அடுத்தது. கம்பி உள்ள தளத்தில் அந்த ஆசிட்டின் குளோரைடு இறங்கினால், டொராண்டோவில் உப்பு செய்யும் வேலையைப் பெங்களூரில் இது செய்யும். மூன்றாவது, எல்லாவற்றையும் மூடி மறைக்க எபாக்சி பெயிண்ட். ஷோரூம் மாதிரி மின்னும் எபாக்சி, கீழிருந்து ஈரம் ஏறும் தரையில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஓடிச் சூடான டயரோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்தும் வரும். ஈரம் ஏறுகிறதா என்று கண்டுபிடிக்க லட்ச ரூபாய்க் கருவி வேண்டாம். ஒன்றரையடி சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிப் பதினாறு மணி நேரம் விட்டு, பிரித்துப் பார்த்தால் போதும். அடியில் நீர்த்துளி இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ எபாக்சிக்காரரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

சரியான வேலை சுத்தியலோடு தொடங்குகிறது. தரையை அடி அடியாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்றும், பிரிந்த இடம் பானையைத் தட்டியது போலவும் ஒலிக்கும். பொக்கான பகுதி கண்ணுக்குத் தெரிந்ததைவிடப் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும். அதைச் சுற்றி மெஷினால் நேர்கோடாக வெட்டி, ஓரங்கள் செங்குத்தாக நிற்கும்படி கெட்டியான கான்கிரீட் வரும்வரை பெயர்த்தெடுக்க வேண்டும். தூசி அடியோடு போக வேண்டும். பழைய கான்கிரீட் ஈரத்தைக் குடித்திருக்க வேண்டும், ஆனால் மேலே தண்ணீர் தேங்கக் கூடாது. ஒட்டுவதற்கான பசைக் கரைசலைத் தேய்த்து, அது காய்வதற்குள் புதுக் கலவையை வைக்க வேண்டும். சாப்பாட்டு வேளைக்கு முன் கரைசலைத் தேய்த்துவிட்டு, வந்து கலவை போடுவது பெங்களூர்த் தளங்களில் சாதாரணம். காய்ந்துபோன கரைசல் ஒட்ட வைப்பதற்குப் பதில் பிரித்து வைக்கும். விரிசல் என்றால், அது இன்னும் நகர்கிறதா என்று தெரியாமல் தொடக் கூடாது. முனைகளில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி ஒரு பருவம் பார்ப்பது பழைய முறை, இன்றும் அதைவிட மலிவான சோதனை கிடையாது.

இதற்குப் பிறகு வருவதுதான் பெங்களூரின் நிஜமான சங்கடம்: தண்ணீர். புதிய கான்கிரீட்டைச் சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்ட் என்றாலோ வறண்ட வெயில் என்றாலோ 10 நாள் ஈரமாக வைக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி. இன்று கடையில் கிடைக்கும் மூட்டைகளில் பெரும்பாலானவை கலப்பு சிமெண்ட். பாத்தி கட்டி நீர் தேக்குவதுதான் வழக்கம். ஆனால் 2024 மார்ச்சில் வறட்சி முற்றியபோது, கார் கழுவவும் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் குடிநீரைப் பயன்படுத்த நகரின் குடிநீர் வாரியம் தடை விதித்தது, மீறினால் ரூ. 5,000 அபராதம். 2025 பிப்ரவரியில் மறுபடியும் அதே உத்தரவு. இடையில் 2024 அக்டோபரில் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்டும் கோடை பயம் தீரவில்லை. லாரித் தண்ணீருக்கு மாதம்தோறும் சண்டை போடும் சங்கங்கள், தரைக்குப் பத்து நாள் தண்ணீர் கட்டச் சம்மதிப்பதில்லை. மூன்றாம் நாளே கார் ஏறிவிடுகிறது.

பாத்திக்கு மாற்று இல்லாமல் இல்லை. நனைத்த கோணிச் சாக்கைப் பரப்பி அதன்மேல் பாலிதீன் விரித்து ஓரங்களைச் செங்கல் வைத்து அழுத்தினால், தேக்குவதில் சிறு பங்கு நீரே போதும். ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும் கியூரிங் காம்பவுண்டும் கிடைக்கிறது. பிறகு எபாக்சி பூசும் எண்ணமிருந்தால் மட்டும் அது ஆகாது. வேலையை மழை முடியும் அக்டோபர், நவம்பருக்குத் தள்ளிவைப்பது எல்லாவற்றையும்விட நல்லது. பெங்களூரின் குளிர் இந்த ஒரு விஷயத்தில் உதவி செய்கிறது. சிமெண்ட் மெதுவாக இறுகும், நீரும் மெதுவாகவே ஆவியாகும்.

இதுவரை சொன்னது மண்மேல் கிடக்கும் தரைக்கு. கீழே இன்னொரு பேஸ்மெண்ட் இருந்து, கார் நிற்பது அதன் கூரையின் மேல் என்றால் கதை வேறு. அந்தத் தளத்தைத் தாங்குவது உள்ளிருக்கும் கம்பி. விரிசலோரம் துருக்கறை தெரிந்தாலோ, கீழ்த் தளத்தின் கூரையில் நீர் சொட்டினாலோ அது மேஸ்திரியின் வேலை அல்ல. அமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டாக வேண்டும். கனடாவின் எலியட் லேக் நகரில் 1980இல் திறக்கப்பட்ட அங்காடியொன்றின் மொட்டைமாடி பார்க்கிங் ஆரம்பத்திலிருந்தே ஒழுகியது. உப்புநீர் இரும்பு இணைப்புகளை அரித்து, 2012 ஜூன் 23 அன்று ஒரு பகுதி இடிந்து விழுந்ததில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். அமெரிக்காவின் சர்ஃப்சைடில் 2021 ஜூனில் அடுக்குமாடி சரிந்து 98 பேர் மாண்டதற்கு மூன்று வருடம் முன்பே, நீச்சல் குளத் தளத்தின் நீர்த்தடுப்பு பழுதானதையும் அதன் கீழிருந்த கார் நிறுத்தத்தில் கான்கிரீட் சிதைந்திருந்ததையும் ஒரு பொறியாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியிருந்தது. குடியிருந்தவர்கள் செலவைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

மறைந்திருக்கும் துருவின் விலையைப் பெங்களூரும் அறியும். துமகூரு சாலையில் பீன்யா மேம்பாலத்தின் இழுவைக் கம்பிகள் பழுதானது தெரிந்து 2021 டிசம்பரில் அது மூடப்பட்டது. கனரக வாகனங்கள் மறுபடி ஏற 2024 ஜூலை ஆயிற்று. அடுக்குமாடி பேஸ்மெண்ட்டுகளுக்கோ வெள்ளம் என்ற தனிச் சோதனையும் உண்டு. 2022 செப்டம்பரில் யெமலூர், பெல்லந்தூர் பக்கம் அவை குளமாயின. 2025 மே மாதம் பி.டி.எம். லேஅவுட்டில் பேஸ்மெண்ட் நீரை இறைக்கும்போது மின்சாரம் தாக்கி இருவர் இறந்தார்கள், ஒருவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். தண்ணீர் வடிந்தபின் சேற்றைக் கழுவித் தள்ளுகிறார்கள். தளமும் தூண் அடியும் என்ன ஆயின என்று பார்க்கும் சங்கங்கள் குறைவு.

பணம் யார் கொடுப்பது? 2016ஆம் வருட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த ஐந்து வருடங்களுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து தெரிவித்தால், கட்டியவர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலான சங்கங்கள் விழித்துக்கொள்வது ஆறாவது வருடத்தில். பிறகு உள்வீட்டுச் சண்டை: என் இடத்தில் விரிசல் இல்லை, நான் ஏன் தரவேண்டும்? ஸ்டில்ட் பார்க்கிங் என்பது பொதுப் பகுதி, அதைத் தனியாக விற்க முடியாது என்று 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மும்பை வழக்கொன்றில் சொல்லிவிட்டது. மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு என்றாலும், பெங்களூர்ச் சங்கக் கூட்டங்களிலும் அது மேற்கோள் காட்டப்படுவதற்குத் தகுதியானதே. கார் இல்லாத நாலாவது மாடிக்காரர் இதைக் கேட்டு மகிழ்வதில்லை.

பசவனகுடியிலும் மல்லேஸ்வரத்திலும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் கார் நிற்கும் இடத்தில் சாதரஹள்ளிக் கல் பலகைகள் பதித்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு கல் அமர்ந்தால் கடப்பாரையால் நெம்பி, அடியில் மணல் போட்டு, அதே கல்லை வைத்துவிடுவார்கள். கியூரிங் கிடையாது, மாலையே கார் ஏறும். சதுர அடிக் கணக்கில் விற்கும் இன்றைய கட்டடத்தில் இதற்கு யாரும் இடம் தருவதில்லை என்பது வேறு விஷயம்.

கான்கிரீட்தான் என்று முடிவானால், பாதிப் பாதியாகச் செய்வதே நடைமுறையில் முடிகிறது. முதல் பாதியில் மறுநாள் ஆள் நடக்கலாம், பத்தாம் நாள் சிறிய கார் ஏறலாம். கனமான வண்டிகளும் தண்ணீர் லாரியும் 28 நாள் காத்திருப்பது நல்லது. அதுவரை வண்டிகளைத் தெருவில் விட வேண்டும். பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்ட ஊரில், எந்தத் தெருவில் என்பதைத் தீர்மானிக்கத்தான் அடுத்த சங்கக் கூட்டம்.