சட்டம் நிறுத்திய வானொலிகள். ரசிகர்கள் பிடித்து வைத்த குரல்கள்!

வானொலி நிலையம் என்றால் நிகழ்ச்சிகளை நாடாவில் பதிவு செய்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும். எது எந்தத் தேதியில் ஒலிபரப்பானது என்று பதிவேடும் இருக்கும். அயர்லாந்து நாட்டில் 1970, 80-களில் நூற்றுக்கணக்கான சிறு வானொலிகள் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அலமாரியும் இல்லை, பதிவேடும் இல்லை. காரணம், அவை லைசென்ஸ் இல்லாதவை. பதிவேடு வைத்தால் அதுவே நாளை கோர்ட்டில் சாட்சி ஆகிவிடுமே!

ஆனாலும் அந்தக் குரல்களை இன்றும் கேட்கலாம். டப்ளின் நகரப் பல்கலைக்கழகத்தில் இவற்றுக்கென்று ஒரு சேகரிப்பு இருக்கிறது. தனி ஆர்வலர்களும் பெட்டி பெட்டியாகச் சேர்த்திருக்கிறார்கள். இவற்றில் பெரும்பகுதியைப் பதிவு செய்தவர்கள் நிலையத்தார் அல்ல. வீட்டில் உட்கார்ந்து கேட்ட நேயர்கள்!

பெயர் வந்த கதை

இந்த நிலையங்களுக்கு 'பைரேட் ரேடியோ' என்று பெயர். அதாவது, கடற்கொள்ளையர் வானொலி. 1964 ஈஸ்டர் சமயத்தில் ரோனன் ஓராஹிலி என்ற அயர்லாந்து வாலிபர், இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் சட்டம் எட்டாத கடலில் கப்பலை நிறுத்தி 'ரேடியோ கரோலைன்' நிலையத்தைத் தொடங்கினார். கப்பலில் கருவிகளைப் பொருத்திய இடம் அயர்லாந்தின் கிரீனோர் துறைமுகம். அந்தத் துறைமுகம் அவருடைய தகப்பனாருக்குச் சொந்தம். பாட்டனாரோ 1916 ஈஸ்டர் எழுச்சியில் பிரிட்டிஷ் துருப்புகளை எதிர்த்து டப்ளின் தெருவில் உயிர் விட்டவர். அந்த எழுச்சியின்போது புரட்சிக்காரர்கள் ஒரு கம்பியில்லாத் தந்திப் பள்ளியைக் கைப்பற்றி, குடியரசு பிறந்த செய்தியை மோர்ஸ் ஒலியில் உலகுக்கு அனுப்பினார்கள். அனுமதி கேளாமல் ஒலிபரப்புவது அந்த நாட்டுக்குப் புதிதல்ல.

அயர்லாந்துக்குள் கப்பல்கூடத் தேவைப்படவில்லை. 1926-ம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம்தான். ஆனால் அபராதம் சொற்பம். தபால் தந்தி இலாகா அதிகாரிகள் போலீசாருடன் வந்து டிரான்ஸ்மிட்டரைத் தூக்கிப் போவார்கள். சில நாளில் இன்னொன்று வந்துவிடும். வீட்டுப் பின்கட்டு, கடை மாடி, ஓட்டல் வளாகம், எங்கே வேண்டுமானாலும் நிலையம் முளைக்கும்.

அறிவிப்பாளர்களில் பலர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். 1980-களின் நடுவில் அங்கே நூற்றுக்குப் பதினேழு பேருக்கு வேலை இல்லை. கிடைத்த கைச்செலவுக் காசுக்கு மைக்கின் முன் உட்கார்ந்தார்கள். பலர் வைத்துக்கொண்டது புனைபெயர். பிராவிடண்ட் பண்டு, லீவு என்று யாரிடம் போய்க் கேட்பது? நிலையமே சட்டப்படி கிடையாது! இசைக் கலைஞர்களுக்குச் சேர வேண்டிய ராயல்டியைக் கொடுக்காத நிலையங்களும் பல. எனவே இவர்களைப் புரட்சி வீரர்களாக்கிப் பாட வேண்டியதில்லை.

ஆனால் எல்லாரையும் ஒரே தராசில் நிறுப்பதும் சரியல்ல. மேற்குக் கரையில் கொனமாரா என்ற ஏழைப் பகுதி. அங்குள்ளவர்களின் தாய்மொழி ஐரிஷ். தங்கள் மொழிக்கென ஒரு வானொலி வேண்டும் என்று கேட்டார்கள், கிடைக்கவில்லை. 1970 ஈஸ்டர் சமயத்தில் வாலிபர்கள் சிலர் ரோஸ்முக் என்ற ஊரில் 'சுதந்திர கொனமாரா வானொலி' என்று தாங்களே ஒலிபரப்பிவிட்டார்கள். நடந்தது சில நாட்கள்தான். 1972 ஏப்ரல் 2-ந்தேதி, அதுவும் ஒரு ஈஸ்டர் ஞாயிறு, அரசு ஒலிபரப்புக் கழகமே ஐரிஷ் மொழி வானொலியைத் தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது.

தெருவுக்கு வந்த நேயர்கள்

டப்ளினில் பெரும் புள்ளிகளாக விளங்கியவை 1980-ல் தொடங்கிய 'சன்ஷைன்', 1981-ல் தொடங்கிய 'நோவா'. இரண்டையும் நடத்தியவர்கள் ரேடியோ கரோலைன் கப்பலில் அறிவிப்பாளராக இருந்து தொழில் பழகியவர்கள். நோவாவின் எப்.எம். ஒலி துல்லியத்துக்குப் பெயர் போனது. கடலுக்கு அந்தப்புறம் வேல்ஸ் கரையிலும் கேட்டார்கள்.

1983 மே 18-ந்தேதி நோவாவில் அதிகாரிகள் புகுந்தார்கள். மறுநாள் சன்ஷைன். கருவிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். ஆனால் நடந்தது என்ன? நேயர்கள் டப்ளின் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். கொஞ்ச காலத்திலேயே இரு நிலையங்களும் மறுபடி காற்றில் ஏறின. பாட்டுக் கேட்பதற்காக ஊர்வலம் போனவர்கள் உண்டா என்று யாராவது கேட்டால் இந்தத் தேதியைச் சொல்லலாம்.

கேசட்டின் கதை

சாதாரண ரசிகன் பாட்டைப் பதிவு செய்வான். நடுவில் அறிவிப்பாளர் வாயைத் திறந்தால் திட்டிக்கொண்டே பொத்தானை அமுக்குவான். இந்த வானொலிப் பித்தர்களோ நேர்மாறு. பாட்டு வந்ததும் பதிவை நிறுத்துவார்கள், பேச்சு வந்ததும் ஓடவிடுவார்கள். பாட்டு கடையில் கிடைக்கும், அறிவிப்பாளர் கிடைக்கமாட்டாரே! எவ்வளவு சரியான கணக்கு என்பது இப்போதுதான் தெரிகிறது.

அந்தப் பேச்சில் என்ன இருக்கிறது? இன்று இல்லாத கடைகளின் விளம்பரம், அன்றைய விலை, காணாமல் போன நாய்க்கு அறிவிப்பு, பிறந்த நாள் வாழ்த்து. இடையிடையே உள்ளூர்ச் செய்தி. அரசு வானொலியின் அலமாரியில் தேடினால் இவையெல்லாம் கிடைக்காது.

கேசட்டின் மேல் பெரும்பாலும் தேதி எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் அதன் மேல் வேறொன்றைப் பதிவு செய்திருப்பார்கள். அப்போது துப்பறியும் வேலை தொடங்குகிறது. செய்தி அறிக்கையில் எந்த மந்திரி பெயர் வருகிறது? அப்போது புதிதாக வந்த பாட்டு எது? விளம்பரத்தில் கிறிஸ்துமஸ் தள்ளுபடி சொல்கிறார்களா? இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேதியை நெருங்குகிறார்கள்.

குறுக்கு வழியும் இல்லை. 90 நிமிட கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற 90 நிமிடம் உட்கார்ந்தே ஆக வேண்டும். 120 நிமிட கேசட்டின் நாடா மிக மெல்லியது, சிக்கினால் போயிற்று. பழைய ரிக்கார்டரின் 'ஹெட்' எந்தக் கோணத்தில் இருந்ததோ, அதே கோணத்துக்கு இன்றைய கருவியைத் திருகி வைக்காவிட்டால் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மங்கிக் கேட்கும். சின்னத் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பியதும் நாற்பது வருடத்துக்கு முந்திய குரல் பளிச்சென்று வரும் என்றால், அந்த நேரத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் போலிருக்கிறது.

சில குரல்கள் புகழேணி ஏறின. இளைஞர்களை இழுக்க அரசு வானொலி 1979 மே 31-ந்தேதி 'ரேடியோ 2' என்ற புது நிலையம் திறந்தது. ஆள் எங்கே பிடித்தது? திருட்டு நிலையங்களில்தான்! டேவ் பான்னிங், ஜெரி ரயன் இருவரும் அப்படி வந்து நாடறிந்தவர்கள் ஆனார்கள். மற்றப் பலருக்கு அந்தக் கேசட் மட்டுமே மிச்சம். புனைபெயரில் பேசியவர் யார் என்று அடையாளம் காணவே இன்று ஆள் தேட வேண்டியிருக்கிறது. வயதானவர்களாகிவிட்டார்கள். சிலர் காலமாகிவிட்டார்கள்.

கடைசி இரவு

1988-ல் புதுச் சட்டம் வந்தது. இந்த முறை சொற்ப அபராதம் இல்லை. விளம்பரம் கொடுப்பவனும் குற்றவாளி, கருவி கொடுப்பவனும் குற்றவாளி. அந்த ஆண்டு டிசம்பர் 31-ந்தேதி அமலுக்கு வருவதாக ஏற்பாடு. கூடவே தனியார் நிலையங்களுக்கு லைசென்ஸ் தர ஒரு கமிஷனும் அமைத்தார்கள். டப்ளினில் சட்டப்படியான முதல் தனியார் நிலையம் 1989 ஜூலையில் பேசத் தொடங்கியது. விரும்பி விண்ணப்பித்த எல்லாருக்கும் லைசென்ஸ் கிடைத்துவிடவில்லை.

அந்த டிசம்பர் கடைசி நாட்களில் நாடு முழுவதும் நிலையங்கள் வரிசையாக விடைபெற்றன. பித்தர்கள் கேசட் போட்டுக் காத்திருந்தார்கள். இன்று சேகரிப்புகளில் ஆட்கள் தேடித் தேடிக் கேட்பது இந்த விடைபெறும் பதிவுகளைத்தான். அறிவிப்பாளர் ஒவ்வொரு சகாவின் பெயராகச் சொல்லி நன்றி கூறுகிறார். குரல் தடுமாறுகிறது. கடைசிப் பாட்டு முடிகிறது. 'டக்'கென்று டிரான்ஸ்மிட்டர் நிற்கிறது. பிறகு வெறும் இரைச்சல். பதிவு செய்தவர் உடனே பொத்தானை அமுக்கவில்லை. நாடா சற்று நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது.