மடிக்கணினி மெதுவாகிவிட்டதா? தூக்கிப் போடும் முன் ஒரு நிமிடம்!

மாலை ஏழு மணி. செமினியில் ஒரு தாமான் வீடு. கல்லூரியில் படிக்கும் மகள் மடிக்கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். தேநீர் கலக்கிக் குடித்து, குவளையையும் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினால், திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது.

“அப்பா, இது இனிமே தாங்காது. புதுசுதான் வாங்கணும்” என்கிறாள்.

“பார்ப்போம்மா” என்கிறார் அப்பா. மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது. வீட்டுக் கடன், மோட்டார் சைக்கிள் தவணை, அடுத்த பருவக் கட்டணம். இதற்கிடையில் இரண்டாயிரம், மூவாயிரம் வெள்ளிக்கு எங்கே போவது?

காஜாங்கிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் இதே பேச்சு நடக்கத்தான் செய்கிறது. ஆனால், பல வேளைகளில் அந்த மடிக்கணினியின் மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உள்ளே இருக்கும் ஒரே ஒரு பாகம்தான் காலத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருக்கும். அந்தப் பாகத்தின் பெயர் வன்தட்டு. ஹார்ட் டிஸ்க் என்றால் எல்லாருக்கும் தெரியும். அதை எடுத்துவிட்டு ‘எஸ்எஸ்டி’ எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால், பழைய மடிக்கணினி மறுபடியும் எழுந்து உட்காரும். செலவு சில நூறு வெள்ளிக்குள் அடங்கிவிடும்.

தட்டு சுற்றும் வரை காத்திருப்பு

வன்தட்டுக்குள் உண்மையிலேயே ஒரு தட்டு சுற்றுகிறது. மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது விநாடிக்கு 90 சுற்று. ஒரு சின்னக் கை அந்தத் தட்டின் மேல் இப்படியும் அப்படியும் நகர்ந்து தகவலைப் படிக்கும். கேட்பதற்கு வேகமாகத்தான் தெரிகிறது. ஆனால், கணினி ஒரு முறை உயிர்பெற்று எழ, தட்டின் வெவ்வேறு மூலைகளில் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கை நகர வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும்.

ஒரு பெரிய நூலகம். அதில் புத்தகம் எடுத்துக் கொடுக்க ஒரே ஒரு பணியாளர். ஒரு புத்தகம் கேட்டால் ஓடிப்போய் எடுத்து வந்துவிடுவார். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் புத்தகம் கேட்டால் என்ன செய்வார், பாவம்! வன்தட்டின் நிலை அதுதான்.

எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டு இல்லை. நகரும் கை இல்லை. எல்லாம் மின்சில்லுகள். 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பூஜியோ மசுவோகா உருவாக்கிய ‘பிளாஷ்’ நினைவகமே இதன் அடிப்படை. பென் டிரைவிலும் கைத்தொலைபேசியிலும் இருப்பதும் அதே வகைதான். சிதறிக் கிடக்கும் கோப்பைத் தேட வன்தட்டுக்கு ஆகும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு கூட இதற்கு ஆகாது. நிமிடக் கணக்கில் எழுந்த கணினி விநாடிக் கணக்கில் எழுவதன் இரகசியம் இவ்வளவுதான்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து பினாங்குக்கு

இந்த மாற்றம் நம் கண் முன்னாலேயே நடந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் நடத்திவந்த வன்தட்டு ஆலையை 2019 முடிவுக்குள் மூடப்போவதாக 2018 ஜூலையில் அறிவித்தது. கணினிகளுக்கான வன்தட்டுத் தேவை குறைந்துவருவதே அது சொன்ன காரணம். அதே வேளையில் பினாங்கில் எஸ்எஸ்டி உற்பத்தியைப் பெருக்குவதாகவும் சொன்னது. 2023 அக்டோபரில் மைக்ரோன் நிறுவனமும் பினாங்கின் பத்து காவானில் புதிய ஆலையைத் திறந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கதவு மூடியது; வடக்கே இன்னொரு கதவு திறந்தது. வன்தட்டு அடியோடு ஒழிந்துவிடவில்லை. பெரிய தரவு மையங்களில் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. மடிக்கணினியில்தான் அதன் காலம் முடிந்துவிட்டது.

நான்கு வகை, பொருந்துவது எது?

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ‘எஸ்எஸ்டி ஒன்று கொடுங்கள்’ என்று கேட்பது, ‘சட்டை ஒன்று கொடுங்கள்’ என்று அளவு சொல்லாமல் கேட்பதைப் போன்றது.

முதல் வகை, இரண்டரை அங்குல எஸ்எஸ்டி. பார்ப்பதற்குப் பழைய வன்தட்டைப் போலவே சப்பையான பெட்டி. வன்தட்டோடு வந்த மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் பொருந்தும். பழையதைக் கழற்றிய இடத்திலேயே புதியதை மாட்டிவிடலாம்.

இரண்டாவது, எம்-சாட்டா. தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய அட்டை. ஏறத்தாழ 2010 முதல் 2014 வரை வந்த சில கணினிகளில் மட்டும் காணலாம்.

மூன்றாவது, இப்போது பரவலாக இருக்கும் எம்.2. ஆள்காட்டி விரல் நீளத்தில் ஒரு மெல்லிய அட்டை. எடை பத்து கிராம் கூட இருக்காது. இதில் 2242, 2280 என எண்கள் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் அகலம், அடுத்தவை நீளம். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். உங்கள் கணினியில் 42 மில்லிமீட்டருக்குத்தான் இடம் என்றால் 80 உள்ளே போகாது.

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. எம்.2 அட்டையில் இரண்டு ‘மொழி’ உண்டு. ஒன்று சாட்டா, மற்றது என்.வி.எம்.இ. சாட்டா விநாடிக்கு ஏறக்குறைய 550 எம்பி வரை போகும். என்.வி.எம்.இ. அதைவிடப் பல மடங்கு வேகம். ஆனால், சாட்டா மட்டுமே தெரிந்த பொருத்துவாயில் என்.வி.எம்.இ. அட்டையைச் செருகினால், கணினி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. சாட்டா அட்டையின் விளிம்பில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள் இருக்கும், என்.வி.எம்.இ. அட்டையில் பெரும்பாலும் ஒன்று. இதை வைத்து ஓரளவு ஊகிக்கலாமே தவிர, முடிவு செய்யக் கூடாது. கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் கையேட்டில் சரிபார்ப்பதே உறுதியான வழி.

நான்காவது வகை, மாற்றவே முடியாதது. மலிவு விலை மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். இத்தகைய கணினிக்குச் சில்லு வாங்கி வைத்துக்கொண்டு விழிப்பதில் பயனில்லை.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. 2016க்குப் பிறகு வந்த சில மடிக்கணினிகளில் வன்தட்டோடு ஒரு காலி எம்.2 பொருத்துவாயும் இருக்கும். விண்டோஸை எம்.2இல் ஏற்றிவிட்டு, பழைய வன்தட்டைப் படங்களுக்கும் கோப்புகளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும் முன்

காஜாங்கில் எம்.ஆர்.டி. ஏறினால் வண்டி மாறாமல் புக்கிட் பிந்தாங்கில் இறங்கலாம். அங்கிருந்து சற்று நடந்தால் லோ யாட் பிளாசா. ஒரே கூரையின் கீழ் பல கடைகள் இருப்பதால் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கையில் மூன்று விவரம் இருக்க வேண்டும்: கணினியின் மாடல் எண், பொருத்துவாயின் வகை, தேவையான கொள்ளளவு. கோப்பு எழுதுதல், இணையம், பாடக் குறிப்புகள் போன்றவற்றுக்கு 500 ஜிபி தாராளம். பழைய சாட்டா பொருத்துவாய் உள்ள கணினிக்கு ஆக விலை உயர்ந்த ரகம் வாங்குவது வீண் செலவு. 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகம் முழுதும் ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பெரும் தேவையே முக்கியக் காரணம். ஆகவே, போன ஆண்டு நண்பர் சொன்ன விலையை நம்பிப் போக வேண்டாம்.

இணையச் சந்தையில் ‘16 டிபி, நூறு வெள்ளிக்கும் குறைவு’ என்று விளம்பரம் கண்டால் ஒதுங்கிவிடுவது நல்லது. அத்தகைய பெட்டிக்குள் ஒரு சின்ன நினைவக அட்டை மட்டும் இருக்கும். பெரிய கொள்ளளவு இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும். கோப்புகளை ஏற்றும்போது ஏறுவது போலத் தோன்றும். திறக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

இரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்த வேண்டும். உள்நாட்டு வணிகர் குறையுள்ள பொருளைத் தந்துவிட்டுக் கைவிரித்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தை நாடலாம். வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே முறையிடலாம்.

முதலில் நகல், பிறகு திருப்புளி

இந்த வேலையில் உண்மையான ஆபத்து திருகாணியைத் தொலைப்பதில் இல்லை. இறந்துபோன பாட்டியின் படங்களும், ஆறு மாதம் உழைத்து எழுதிய ஆய்வேடும் அந்த வன்தட்டில் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதுதான் ஆபத்து. வயதான வன்தட்டு நகலெடுக்கும் வேளையிலேயே உயிரைவிடவும் கூடும். ‘டிக், டிக்’ என்ற சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டால், மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முக்கியக் கோப்புகளை உடனே வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

நகல் எடுத்தபின் இரண்டு வழி உண்டு. ஒன்று, புதிய எஸ்எஸ்டியை யுஎஸ்பி பெட்டியில் வைத்து, பழையதை அப்படியே அச்சடித்தது போல நகலாக்கும் மென்பொருளைப் பயன்படுத்துவது. மற்றொன்று, பென் டிரைவில் விண்டோஸை இறக்கிப் புதிதாக நிறுவுவது. கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பொதுவாகத் தாய்ப்பலகையோடு இணைந்திருப்பதால், சேமிப்பகத்தை மாற்றினாலும் போய்விடாது. பிட்லாக்கர் என்னும் பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். அது இல்லாமல் மாட்டிக்கொண்டால் சொந்தக் கோப்பே சொந்தக்காரருக்குத் திறக்காது.

பொருத்துவது பெரிய வித்தையல்ல. கணினியை முழுமையாக அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, மூடியைக் கழற்றியதும் பேட்டரி இணைப்பை விலக்க வேண்டும். உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். எம்.2 அட்டையைச் சற்றுச் சாய்வாகச் செருகி, மெல்லப் படுக்கவைத்து, முனையில் ஒரு சின்னத் திருகாணியை முடுக்கினால் ஆயிற்று. வலுக்கட்டாயமாக அழுத்த வேண்டியிருந்தால் ஏதோ தவறு என்று பொருள். கை நடுங்குபவர்கள் கடையிலேயே கொடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால், நகல் எடுக்கும் பொறுப்பைக் கடைக்காரர் தலையில் போடக் கூடாது.

எஸ்எஸ்டி தீர்க்காத சிக்கல்கள்

எஸ்எஸ்டி சர்வரோக நிவாரணி அல்ல. ரேம் 4 ஜிபி மட்டும் இருந்தால் அதையும் உயர்த்தினால்தான் முழுப் பலன் கிடைக்கும். பேட்டரி செத்திருந்தால் அது தனிச் செலவு. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குப் பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை, அல்லது அதற்கு இணையான செயலி வேண்டும். எனவே, 2018க்குப் பிந்திய மடிக்கணினி என்றால் துணிந்து செலவு செய்யலாம். அதற்கு முந்தியது என்றால், லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாற மனம் இருக்கிறதா என்று யோசித்துச் செய்வது நல்லது.

ஆயுள் பற்றிய அச்சமும் பலருக்கு உண்டு. எஸ்எஸ்டியில் எழுத எழுதத் தேய்மானம் இருப்பது உண்மைதான். ஆனால், பெயர் பெற்ற 500 ஜிபி ரகங்கள் பலவற்றுக்கு 300 டிபி எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். தினமும் 20 ஜிபி எழுதினாலும் அந்த அளவை எட்ட நாற்பது ஆண்டு ஆகும். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. வன்தட்டு பல வேளைகளில் சத்தம் போட்டு எச்சரித்துவிட்டுச் சாகும். எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடக்கூடும். போனால், தகவலை மீட்பதும் கடினம். மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்தால், நம் ஊர் வெப்பத்தில் அதிலுள்ள தகவல் மெல்ல மெல்ல அழியவும் கூடும். குடும்பப் படங்களை எஸ்எஸ்டியில் போட்டுப் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

அப்படியானால், கழற்றிய பழைய வன்தட்டை என்ன செய்வது? நல்ல நிலையில் இருந்தால் ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டுவிட்டால், அதுவே இரண்டாவது நகலுக்கான இடமாகிவிடும். கெட்டுப்போயிருந்தால் குப்பைத் தொட்டியில் வீசக் கூடாது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் அதிலுள்ள தகவலை முழுமையாக அழித்துவிட வேண்டும். வெறுமனே ‘டிலிட்’ செய்வது அழித்ததாகாது.

செமினி வீட்டுக்குத் திரும்புவோம். அந்த அப்பா முதலில் செய்ய வேண்டியது கடைக்கு ஓடுவதல்ல. மடிக்கணினியைத் திருப்பி, அடியில் ஒட்டியுள்ள மாடல் எண்ணை ஒரு தாளில் எழுதுவது. அடுத்தது, மகளை உட்காரவைத்து அவளுடைய கோப்புகளுக்கு நகல் எடுக்கச் சொல்வது. இந்த இரண்டுக்கும் ஒரு காசு செலவில்லை. மூவாயிரம் வெள்ளியா, முந்நூறு வெள்ளியா என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் தெரியும்.