வருவோரும் வாசிப்போரும்

ஒரு நூல்நிலையத்தின் பயனை அதன் வாயிற்படியை மிதித்தாரது தொகையைக்கொண்டு அளத்தல் அமையுமா? மழைக்கு ஒதுங்கினாரும், வழி கேட்டு நுழைந்தாரும், மின்விசிறியின்கீழ்ச் சற்றே இளைப்பாறினாரும் அத்தொகையுள் அடங்குவர். நூலை எடுத்து அமர்ந்து கற்றார் எத்துணையர், தேடிவந்ததைப் பெற்று மீண்டார் எத்துணையர் என்று வினவுவதே அறிவுடைமையாம். இவ்வுண்மை வலைத்தளங்களுக்கும் பொருந்தும். ஆயினும், "எங்கள் தளத்திற்கு இத்தனை ஆயிரவர் வந்தனர்" என்று பெருமை பேசும் வழக்கமே இக்காலத்து மிகுந்து காணப்படுகின்றது. வந்தோர் யாவர், எதன்பொருட்டு வந்தனர், வந்த காரியம் முடிந்து சென்றனரா என்பனவற்றை ஆராயும் கலையை வருகைப் பகுப்பாய்வு என்பர். அதன் இயல்பை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் இவ்வருகைக் கணக்கு எங்ஙனம் எழுதப்படுகின்றதென்பதை அறிதல் வேண்டும். 1989-ஆம் ஆண்டில், செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்பார் வகுத்த திட்டத்தினின்றே உலகளாவிய வலை தோன்றிற்று. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்குங்கால், அவர் கையிலுள்ள கருவி, அப்பக்கத்தை வைத்திருக்கும் சர்வருக்கு வேண்டுகோள் ஒன்றை விடுக்கின்றது. சர்வர் அப்பக்கத்தை அனுப்புவதோடு, தன் குறிப்பேட்டில் ஒரு வரியும் எழுதிக்கொள்கின்றது. கேட்ட கருவியின் ஐ.பி. முகவரி, நாள், நேரம், கேட்கப்பட்ட பக்கம், எத்தளத்தினின்று வந்தார் என்னும் குறிப்பு முதலியன அவ்வரியில் அமையும். பக்கம் கிடைத்ததாயின் 200 என்றும், அங்ஙனமொரு பக்கம் இல்லையாயின் 404 என்றும் எண்குறி பதியும். பிற்காலத்தில், பக்கத்தினுள்ளேயே ஒரு சிறு நிரலை அமைத்து வருகையைக் குறிக்கும் முறை பரவிற்று. கூகிள் நிறுவனம் 2005-இல் அர்ச்சின் என்னும் நிறுவனத்தை விலைக்கு வாங்கி, அவ்வாண்டிலேயே கூகிள் அனலிட்டிக்ஸ் என்னும் சேவையை இலவசமாக வழங்கத் தொடங்கியபின், சிறு தளம் நடத்துவோருக்கும் இக்கணக்கு எளிதிற் கிட்டுவதாயிற்று.

கணக்கு எளிதிற் கிடைத்தபோதிலும் அதனைப் படிப்பது எளிதன்று. இருபது படங்களையுடைய ஒரு பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறந்தாலும், சர்வரின் குறிப்பேட்டில் இருபத்தொரு வேண்டுகோள்கள் பதியக்கூடும். இவற்றையெல்லாம் வருகையென்று எண்ணுவோர், ஒருவரை இருபத்தொருவராகக் காண்பர். இதனினும் பெரியதொரு மயக்கமும் உண்டு. வருவோர் அனைவரும் மனிதர் அல்லர். பக்கங்களைத் தாமே திறந்து திரட்டிச் செல்லும் இயந்திர நிரல்கள் எண்ணிறந்தன. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறநிறுவனம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட செய்தி இங்கு கருதத்தக்கது. அவர்தம் பக்கங்கள் திறக்கப்படுவனவற்றுள் ஏறத்தாழ 35 விழுக்காடே இந்நிரல்களால் நிகழ்வதாயினும், சர்வர்களுக்கு மிகுந்த செலவை விளைக்கும் வருகையில் 65 விழுக்காட்டிற்குக் குறையாமல் அவற்றினுடையதே என்று கண்டனர். மனிதர் பலரும் விரும்பும் பக்கங்களையே பெரும்பாலும் நாடுவர். நிரல்களோ ஒருவரும் திறவாத மூலைமுடுக்குகளையும் விடாது திரட்டுகின்றன. ஆகவே, வருகை பெருகிற்று என்று மகிழ்வதன்முன், வந்தது யார் என்று கேட்டல் வேண்டும்.

மனிதரே வந்தனர் என்று கொண்டாலும், வந்தவர் வாசித்தனரா என்பது அடுத்த வினா. சார்ட்பீட் என்னும் ஆய்வு நிறுவனத்தின் தலைவர் 2014-இல் டைம் இதழில் எழுதிய கட்டுரையில், பக்கங்களைத் திறந்தோருள் 55 விழுக்காட்டினர் 15 விநாடிக்கும் குறைவாகவே அவற்றில் கருத்துச் செலுத்தினர் எனக் காட்டினார். இக்காரணம்பற்றியே, 2020-இல் வெளிவந்த புதிய கூகிள் அனலிட்டிக்ஸ், ஈடுபாடுடைய வருகையென ஒன்றைத் தனியே பிரித்துக் கணக்கிடுகின்றது. பத்து விநாடிக்குமேல் தங்கியதோ, இரண்டு பக்கங்களேனும் பார்த்ததோ, தளத்தார் முக்கியமென வகுத்த செயலொன்றைச் செய்ததோ அவ்வகையிற் சேரும். எனினும் இவ்வளவையும் முற்றிலும் நம்பத்தக்கதன்று. ஒரு தொலைபேசி எண்ணை நாடிவந்தவர் எட்டு விநாடியில் அதனைக் கண்டு சென்றால், அவர் வருகை பயனுற்ற வருகையே. தேடியது அகப்படாமல் ஐந்து நிமிடம் அலைந்து சலித்துச் சென்றவரோ ஈடுபாடுடையவராக எண்ணப்படுவர். ஆதலின், ஒரு தளம் எதன்பொருட்டு அமைந்ததென்று முன்னரே துணிந்துகொண்டாலன்றி, நல்ல வருகை எதுவெனப் பகுத்தறிதல் இயலாது.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவாம். ஒரு கல்லூரி, மாணவர் சேர்க்கையின்பொருட்டுத் தளம் நடத்துகின்றதென வைத்துக்கொள்வோம். பணங்கொடுத்து வெளியிட்ட விளம்பரத்தின் வழியாக 1,000 பேர் வந்து, அவருள் இருவரே விண்ணப்பத்தை நிறைவுசெய்தனர். விடுதிக் கட்டணச் சலுகையைத் தேடுபொறியில் தேடி 60 பேர் வந்து, அவருள் ஒன்பதின்மர் விண்ணப்பித்தனர். முன்னது 0.2 விழுக்காடு, பின்னது 15 விழுக்காடு. மொத்தத் தொகையை மட்டும் நோக்குவார் விளம்பரத்தையே மேலும் பெருக்குவர்; வந்த வழி, முதலிற் கண்ட பக்கம், இறுதியிற் செய்த செயல் ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்குவார், அப்பணத்தை விடுதிச் சலுகைபற்றிய பக்கத்தைத் திருத்துவதில் செலவிடுவர்.

இனி, நல்ல வருகையை ஈர்க்கும் வழி யாதெனின், தேடுவோரின் சொல்லைச் செவிமடுத்தலேயாம். கூகிள் சர்ச் கன்சோல் என்னும் கருவி, எச்சொற்களைத் தேடியபோது நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனைமுறை காட்டப்பட்டது, எத்தனைபேர் அதனைத் திறந்தனர் என்பனவற்றைத் தெரிவிக்கும். பன்முறை காட்டப்பட்டும் ஒருசிலரே திறந்தனராயின், அதன் தலைப்பும் விளக்கமும் தேடுவோர் கருத்தோடு பொருந்தவில்லையோ என்று ஐயுறுதல் தகும். நாம் 'கல்விக்கட்டணம்' என்று எழுத, ஊரார் 'பீஸ்' என்று தேடுவர். இரு சொல்லும் பக்கத்தில் இருத்தல் நன்று. 404 என்னும் குறி மிகுந்த முகவரிகள், பலர் தட்டியும் திறவாத கதவுகளாம். அறிவிப்பைப் புகைப்படமாக மட்டும் ஏற்றினால், அதிலுள்ள செய்தி தேடுவார்க்கு எளிதிற் புலப்படாது. பார்வையிழந்தோர் பயன்படுத்தும் வாசிப்புக் கருவிக்கும் அது துணைபுரியாது. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியை எட்டிப்பார்க்கும் ஒரு சிற்றூர் மாணவி, கைப்பேசியில் தமிழில் தட்டித் தேடும் ஒரு வினாவிற்கு விடை கிடையாதொழியின், அவள் வேறிடம் செல்வாள்; அல்லது படிப்பையே கைவிடுவாள். நம் கணக்கிலோ அது வெறும் ஒரு வருகையாகவே நிற்கும்.

இறுதியாக, அறநெறி ஒன்றைக் கூறாது விடுதல் ஆகாது. வருவோரை அறிய விரும்புதல் வேறு. அவரை ஒற்றறிதல் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுக்காப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல் செயலுக்கு வந்தது. இந்திய நாடும் 2023-இல் இதன்பொருட்டுச் சட்டம் இயற்றிற்று. இசைவு பெறாமல் ஒருவருடைய அடிச்சுவட்டைப் பின்தொடர்தல் நாகரிகமன்று. இசையாதவரைக் கணக்கினின்று விட்டுவிடின் தொகை சிறிது குறையும். அதனால் நேரும் இழப்பு பெரிதன்று. வருகையின் போக்கை அறிதற்குப் பெயரும் ஊரும் வேண்டுவதில்லை.

நண்பர்காள்! நும்முள் பலர் நாளை ஒரு சங்கத்திற்கோ, மருத்துவமனைக்கோ, கைத்தொழிற் கூட்டுறவிற்கோ வலைத்தளம் அமைக்க நேரிடும். அப்பொழுது எண்ணிக்கையின் ஒளியிற் கண் மயங்காது, யாருக்காக இக்கதவைத் திறந்துவைத்தோம், அவர் உள்ளே வந்தனரா, வேண்டியது பெற்றனரா என்னும் மூன்று வினாக்களையும் திங்கள்தோறும் கேட்டு வருவீராக.