பந்தயக் காரும் கியர்ப்பெட்டியும்

கார்ப் பந்தயம் என்றவுடன் நம் மனம் எஞ்சினின் ஆற்றலையே எண்ணுகின்றது. அவ்வாற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்க்கும் கியர்ப்பெட்டியை எண்ணுவோர் சிலரே. ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு செலுத்துவோர் இதனை நன்கறிவர். எஞ்சின் நலமாக இருப்பினும் கியர் பழுதானால் படகு நடுக்கடலில் நின்றுவிடும் அன்றோ?

தமிழகத்தில் கார்ப் பந்தயம் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் வேரூன்றியது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதனைப் பேணி வளர்த்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமைந்தது. எளியோரும் பந்தயத்தில் பங்குபெறக் கோவை கரிவரதன் 1980களின் இறுதியில் வழி கண்டார். சாதாரண மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு அவர் உருவாக்கியதே 'ஃபார்முலா மாருதி'. அதில் பயின்ற நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

சாலைக்கென வடிக்கப்பட்ட கியர்ப்பெட்டியைப் பந்தயத்தில் இயக்கும்போது அதன் நலிவுகள் வெளிப்படுகின்றன. முதலாவது, ஒத்திசைவு வளையத்தின் தேய்மானம். கியர் மாற்றும்போது இரு பாகங்களின் சுழற்சியை உராய்வினால் சமன்செய்வது இவ்வளையம். விரைந்து மாற்ற மாற்ற இது தேய்ந்து, கியர் உறுமும். பின் விழ மறுக்கும். இரண்டாவது, கவைகள் வளைதல். மாற்றுத்தண்டை வன்மையாக இழுப்பதே இதற்குக் காரணம். மூன்றாவது, வெப்பம். நீண்ட வளைவுகளில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, பற்களும் தாங்கிகளும் வறண்டு சூடேறும்.

இவற்றினும் கொடியது தவறான கியர். நான்காம் கியரின் விகிதம் 1, இரண்டாம் கியரின் விகிதம் 2 எனக் கொள்வோம். நிமிடத்திற்கு 5000 சுற்றில் நான்கிலிருந்து மூன்றுக்குச் செல்ல வேண்டியவர் தவறி இரண்டில் இட்டுக் கிளட்சை விட்டால், எஞ்சின் 10000 சுற்றுக்குத் தள்ளப்படும். வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே சிதையலாம்.

இந்நலிவுகளுக்கு மாற்று உண்டு. ஒத்திசைவு வளையமின்றிப் பெரும் பற்கள் நேரே கவ்வும் பந்தயக் கியர்ப்பெட்டி விரைவானது, உறுதியானது. ஆனால் விலை மிகுந்தது. ஆகவேதான் தொடக்கநிலைப் பிரிவுகளின் விதிகள் பலவும் உற்பத்தியாளர் தந்த கியர்ப்பெட்டியையும் விகிதங்களையும் மாற்றலாகாது என வரையறுக்கின்றன. உற்பத்திக் கார்களுக்கான பன்னாட்டு விதிகள், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கத்தக்க பின்னோக்குக் கியரும் வேண்டும் என்கின்றன. தடத்தில் தடம்புரண்டு நிற்கும் கார் பிறருக்கு இடராகாமல் விலக அதுவே துணை.

இவ்விதிகளின் பயன் யாது? பணம் படைத்தவர் சிறந்த கியர்ப்பெட்டியை வாங்கி வெல்ல இயலாது. அனைவரிடமும் ஒரே நலிவு. அதனைக் காத்து ஓட்டுபவரே வெல்வார். கிளட்சை முழுதும் மிதித்து, சுற்றைச் சமன்செய்து, ஒவ்வொரு கியராக இறக்கும் பொறுமையே அங்குத் திறமையாகின்றது.

மாணவர்களே, கிழக்குக் கடற்கரைச் சாலை பந்தயத் தடமன்று. அங்கே மீன் வண்டிகளும் பள்ளிச் சிறாரும் செல்கின்றனர். வேகத்தில் ஆர்வமுடையோர் அதற்குரிய தடத்தில், தலைக்கவசத்துடன், விதி கற்று ஓட்டுதலே அறிவுடைமை.