உங்களுக்குத் தெரியுமா? கணக்குக்குள் அடங்காத கோள்கள்

அருகில் இருந்தால் சுடும், பெரிதாக இருந்தால் இழுக்கும் என்பது நம் கணக்கு. கோள்களிடம் அது அப்படியே செல்லுபடியாவதில்லை.

● சூரியனை ஒட்டி இருப்பது புதன். ஆனால் அதிகம் கொதிப்பது வெள்ளி. அதன் தரையில் சுமார் 465 டிகிரி செல்சியஸ். புதனில் பகலில் 430 டிகிரி வரை ஏறும் வெப்பம், இரவில் மைனஸ் 180-க்கு இறங்கிவிடும். சூட்டைப் பிடித்துவைக்க அங்கே காற்று மண்டலம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வெள்ளியையோ கனத்த கரியமில வாயு போர்த்தியிருக்கிறது, இரவிலும் ஆறாது.

● அந்த வாயுவின் அழுத்தம் பூமியில் இருப்பதைப் போல் சுமார் 90 மடங்கு. 1982 மார்ச் 1-ல் அங்கே இறங்கிய சோவியத் விண்கலம் வெனேரா 13, 32 நிமிடம் தாங்கினால் போதும் என்றுதான் செய்யப்பட்டது. 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. பாறைத் தரையை வண்ணத்தில் படமெடுத்து அனுப்பி, மண்ணையும் துளைத்துச் சோதித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

● கடைக்கோடியில் இருப்பது நெப்டியூன். ஆனாலும் கோள்களிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை, மைனஸ் 224 டிகிரி, யுரேனஸின் காற்று மண்டலத்தில்தான் பதிவானது. நெப்டியூன், சூரியனிடம் பெறுவதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேலான வெப்பத்தை வெளியே விடுகிறது. யுரேனஸின் உள்ளிருந்து வருவது மிகக் குறைவு.

● சனியின் நிறை பூமியைப் போல் 95 மடங்கு. ஆனால் அதன் மேகங்களின் உச்சியில் ஈர்ப்பு விசை ஏறத்தாழ நம் பூமியின் அளவுதான். காரணம், அந்த உச்சி மையத்திலிருந்து சுமார் 60,000 கி.மீ. தள்ளி இருக்கிறது. சனி பிடித்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் கவனிக்க!

● பூமியில் 60 கிலோ காட்டும் எடை மெஷின், செவ்வாயிலும் புதனிலும் ஒரே மாதிரி 23 கிலோதான் காட்டும். இத்தனைக்கும் செவ்வாயின் நிறை புதனைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. புதன் சிறியது, இரும்பு நிறைந்தது. அதன் தரை மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது!

● பூமியைப் போல் 11 மடங்கு அகலமான வியாழன், தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவர 10 மணி நேரம்கூட எடுப்பதில்லை. இந்த வேகத்தில் அதன் நடுப்பகுதி புடைத்து, துருவங்கள் அமுங்கியிருக்கின்றன. குறுக்கே அளந்தால் 1,42,984 கி.மீ.; துருவத்துக்குத் துருவம் 1,33,708 கி.மீ. இந்த வித்தியாசமே செவ்வாயின் விட்டத்தைவிட அதிகம்.

● செவ்வாயின் ஒலிம்பஸ் எரிமலை சுமார் 22 கி.மீ. உயரம், எவரெஸ்ட் 9 கி.மீ.கூட இல்லை. பூமியில் நிலத்தட்டுகள் நகர்வதால் எரிமலைகளும் இடம் மாறுகின்றன. செவ்வாயின் மேலோடு நகராததால் லாவா ஒரே இடத்தில் குவிந்துகொண்டே போனது.

● அடர்த்தியில் முதலிடம் யாருக்கு? ஒரு கன சென்டிமீட்டருக்கு 5.51 கிராம் உள்ள பூமிக்கு. புதன் 5.43. ஆனால் பூமியின் உட்பகுதி தன் பாரத்தாலேயே இறுகியிருக்கிறது. அந்த அமுக்கத்தைக் கழித்துப் பார்த்தால் முதலிடம் புதனுக்குப் போய்விடும்.