நிழல் தந்த கைகள்

பரீட்சை முடிந்து லீவு விட்டால் போதும், தாம்பரம் பக்கம் எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் முதல் புரோகிராம் வண்டலூர் ஜூதான்! கேட்டைத் தாண்டி உள்ளே போனதும், "அப்பாடா, என்ன நிழல்!" என்கிறோம். அந்த நிழல் தானாக வந்ததில்லை தோழிகளே!

எழும்பூர் மியூசியத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற வெள்ளைக்கார டாக்டர், கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்த மிருகங்களைக் கேட்டு வாங்கி, 1855-ல் ஆரம்பித்தது இந்த மிருகக்காட்சி சாலை. பிறகு அது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அங்கே இடம் போதாமல், 1976-ல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கினார்கள். 1979-ல் வேலை தொடங்கியது. 1985 ஜூலை 24-ல் முதல்வர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார்.

ஆனால், ஒதுக்கிய இடம் அப்போது வெறும் முள்ளும் புதருமான பொட்டல். வனத்துறைக்காரர்களோடு சுற்றுப்பக்கத்து கிராமத்து ஜனங்களும் சேர்ந்து, பல வருஷம் பாடுபட்டு அதைக் காடாக்கியிருக்கிறார்கள். திருமலை வரை போய் விதை சேகரித்து வந்தார்களாம். கன்று நட்டால் மட்டும் ஆச்சா? தண்ணி ஊத்தணும், ஆடு மாடு கடிக்காம பார்த்துக்கணும். திறந்து வைத்தவர் பெயர் நமக்குத் தெரியும். விதை பொறுக்கியவர், குழி வெட்டியவர் பெயர் யாருக்குத் தெரியும்?

2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா புயலில் அங்கே ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுபடியும் கன்று நட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் தெருப் பெண்களுக்குத் துணிச்சல் வந்தது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது இடமாக விட வேண்டும் என்பது விதி. எங்கள் நகரில் அப்படி விட்ட இடம், பிளானில் பூங்கா; நேரில் குப்பைமேடு. மனு மேல் மனு கொடுத்தும் பலனில்லை. ஒருநாள் பார்த்தால், ஒரு மூலையில் யாரோ எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள்!

இனி காத்திருந்தால் இடமே இருக்காது என்று, எட்டுப் பேர் சேர்ந்து குப்பையை அள்ளி, வேம்பும் புங்கமுமாக இருபது கன்று நட்டோம். "கவர்மென்ட் செய்ய வேண்டியதை நீங்க ஏம்மா செய்யறீங்க?" என்று எதிர்வீட்டு மாமா கேலி செய்தார். "சும்மா கிடக்கிற இடத்துக்குத்தான் மாமா ஆசைப்படுவாங்க. மரம் நிக்கிற இடத்துல கை வைக்க யோசிப்பாங்க" என்றாள் கோடி வீட்டுப் பெண். இப்போது குடம் தூக்க மாமாவும் வருகிறார்! பதினொரு கன்று பிழைத்துவிட்டது. கல் நட்டவர் இன்னும் முழுசாக விலகவில்லை. நாங்களும் விடுவதாக இல்லை.

உங்கள் நகரின் லேஅவுட் பிளானை ஒருமுறை வாங்கிப் பாருங்களேன். அதில் பூங்கா என்று போட்டிருக்கும் இடத்தில் இன்றைக்கு என்ன இருக்கிறது?

- ஒரு வாசகி, பெருங்களத்தூர்.